வளையம் இருந்த உயரம்

பனையாந்திடல், திருக்கடையூர் வழி
14 மார்ச் 1971

அன்புள்ள மங்களம்,

தீபாவளிக்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. பெரியப்பா காலமாகி, நிலத்தைப் பார்க்க நான் கிளம்பிய அன்று எழும்பூர் ஸ்டேஷனில் நீ சொன்னது மறக்கவில்லை. "உங்க பெரியப்பா நிலத்துக்கு ஒரு காவக்காரன் போதும், அதுக்குப் பொண்டாட்டி எதுக்கு?" என்றாய். அதைப் பற்றி இப்போது எழுதப் போவதில்லை. இது மரத்தைப் பற்றிய கடிதம். மரம் என்றால் நீ பதில் எழுதுவாய்.

எஸ்டேட்டை விட்டு வந்தபோது மேனேஜர் துரை எனக்கு ஒரு தோல் பை கொடுத்தாரே, நினைவிருக்கிறதா? அதிலிருந்த கோல்ஃப் மட்டைகளின் மரத்தலைகள் எல்லாம் இந்த ஊர் வெயிலில் வெடித்துவிட்டன. நீலகிரிக் குளிருக்குப் பழகியவை. எஃகுத் தண்டுகள் மட்டும் நன்றாக இருக்கின்றன. தலையை நானே செய்யலாம் என்று இறங்கிவிட்டேன். பைக்குள் ஒரு சிறு கையேடு இருந்தது. படத்தோடு எல்லாம் போட்டிருக்கிறது: மரத்தை எப்படி அறுப்பது, கழுத்தில் எப்படித் துளை போடுவது, முகத்தை எந்தச் சாய்வில் அராவுவது, பின்பக்கம் குழித்து எவ்வளவு ஈயம் ஊற்றுவது. சிரிக்காதே. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் இங்கே என்னோடு பேச ஆள் கிடையாது. வேலைக்கு வருகிறவர்கள் கேட்டதற்குப் பதில் சொல்வார்கள். கேட்காததற்கு ஒரு சொல் வராது.

முதலில் பலாக்கட்டையில் செய்து பார்த்தேன். கழுத்தில் துளை போடும்போதே பிளந்துவிட்டது. பிறகுதான் களத்து மூலையில் நின்ற பழைய கட்டை கண்ணில் பட்டது. மாடு கட்டிய கட்டை. எத்தனை வருட வெயிலும் மழையும் குடித்ததோ, நல்ல வைரம். இளையபெருமாளை அறுத்துக் கொடுக்கக் கூப்பிட்டேன். கட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், வேலை இருக்கிறது என்று போய்விட்டான். நானே தரையோடு அறுத்தேன். ரம்பத்தில் பாதிப் பல் போயிற்று.

ஒரு துண்டும் கொஞ்சம் சீவலும் இத்துடன் அனுப்புகிறேன். இது என்ன மரம்? அடி தாங்குமா? கோடை விடுமுறைக்கு நீ வந்தால் முதல் மட்டை தயாராக இருக்கும்.

தியாகு

*

சென்னை
22 மார்ச் 1971

வணக்கம்.

துண்டு கிடைத்தது. சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். கருவேலம். அதை அறிய மைக்ராஸ்கோப் தேவையில்லை, ஆனாலும் பார்க்காமல் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. வண்டிச் சக்கரத்துக்குப் போடும் மரம், உங்கள் பந்தையும் தாங்கும். ஆனால் துளையைச் சிறியதில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்குங்கள். அவசரப்பட்டால் பலாவுக்கு ஆனது இதற்கும் ஆகும்.

நெல் விளைகிற ஊரில் கோல்ஃப் எதற்கு என்று நான் கேட்கவில்லை என்பதைக் குறித்துக் கொள்ளுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். துண்டின் ஒரு ஓரத்தில் நீலக்கறுப்பாக ஒரு கறை ஓடுகிறது. பூஞ்சை இல்லை. கருவேலத்தில் துவர்ப்பு அதிகம், அதில் இரும்பு பட்டால் மையைப் போலக் கறுக்கும். கறை நாரோடு நெடுந்தூரம் இறங்கியிருப்பதைப் பார்த்தால் அங்கே இரும்பு பல வருடங்கள் இருந்திருக்க வேண்டும். ஆணியா, பட்டையா? கட்டையில் எந்த உயரத்தில் இருந்தது? மாணவிகளுக்குக் காட்ட நல்ல மாதிரி. அதனால்தான் கேட்கிறேன்.

விடுமுறையைப் பற்றி இப்போது சொல்வதற்கில்லை. விடைத்தாள் திருத்தும் வேலை இருக்கிறது.

மங்களாம்பிகை

*

பனையாந்திடல்
3 ஏப்ரல் 1971

அன்புள்ள மங்களம்,

முதல் மட்டை முடிந்துவிட்டது. தரங்கம்பாடியில் வலைக்குக் கோக்கும் ஈயக்குண்டு வாங்கி உருக்கி ஊற்றினேன். அடியில் பித்தளைத் தகடு. தண்டை வச்சிரப் பசை போட்டு இறக்கி, மெழுகு தேய்த்த நூலைக் கழுத்தில் நெருக்கமாகச் சுற்றினேன். அந்த நூல் சுற்றுவது மட்டும் மூன்று தடவை அவிழ்ந்தது. கைப்பிடித் தோலைச் சுற்றிக் கொடுத்தவர் கும்பகோணத்தில் தவிலுக்குத் தோல் மாட்டுகிறவர். "இது எந்தத் தாளத்துக்குங்க?" என்று கேட்டார்.

நீ கேட்ட இரும்பு ஒரு வளையம். கனமானது, உள்பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. என் தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் அடித்திருந்தார்கள். அதைக் கழற்றி மதகுக்குக் கீழே வாய்க்கால் சேற்றில் எறிந்துவிட்டேன்.

கறைக்கு ஏதாவது வழி உண்டா? தேய்த்துத் தேய்த்து எடுக்கிறேன், வார்னிஷ் போட்ட மறுநாள் திரும்ப வந்து நிற்கிறது. என் உள்ளங்கைகளும் கறுத்துவிட்டன. சோப்புப் போட்டால் போகவில்லை.

இன்னொன்று. நீ நம்ப மாட்டாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். திடலின் மேட்டிலிருந்து கிழக்கே பார்த்து அடிக்கிறேன். பந்து கொஞ்ச தூரம் நேராகப் போய், பிறகு இடது பக்கம் வளைந்து வாய்க்காலைத் தாண்டி, வேலைக்கு வருகிறவர்கள் இருக்கும் கீழத்தெருவுக்குள் போய் விழுகிறது. ஈயத்தைக் குறைத்தேன், கூட்டினேன், முகத்தை மறுபடி அராவினேன். அங்கேயேதான் போகிறது. போய்த் தேட எனக்குக் கூச்சம். ஆனால் விடிந்ததும் பந்து களத்தில் இருக்கிறது. கட்டையை அறுத்த இடத்தில் தரையோடு வட்டமாக மிச்சம் இருக்கிறதே, அதன் மேல், நடுவில், வைத்த மாதிரி. பிள்ளைகள் விளையாட்டு என்று நினைத்தேன். ஒரு நாள் இருட்டு பிரியும் முன்பே போய் நின்று பார்த்தேன். யாரும் வரவில்லை. பந்து இருந்தது.

தியாகு

*

சென்னை
11 ஏப்ரல் 1971

வணக்கம்.

எலுமிச்சம்பழத்தை அறுத்து உள்ளங்கையில் தேயுங்கள். கையில் உள்ளது போய்விடும். மரத்தில் உள்ளது போகாது. இரும்பு உள்ளே ஊறிவிட்டது, ஈரம் படும்போதெல்லாம் மேலே வரும்.

பந்து இடது பக்கம் போவதற்கு உங்கள் மணிக்கட்டுதான் காரணம். ஊட்டியிலும் அங்கேதான் போயிற்று. துரை சிரித்தார் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அதை எடுத்து வைக்க ஒருவர் நீங்கள் நிற்காத நேரமாகப் பார்த்து வரலாம். இதிலெல்லாம் எனக்கு ஆச்சரியம் இல்லை.

வளையம்தான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. நீங்கள் நல்ல உயரம். உங்கள் தலைக்கு மேல் ஒரு சாண் என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தை மடித்து வைத்தேன், மறுபடி எடுத்துப் படித்தேன்.

மாட்டை யாரும் அந்த உயரத்தில் கட்டுவதில்லை.

அந்த ஊரில் எனக்கு யாரையும் தெரியாது. உங்களுக்குத் தெரியும். கேளுங்கள். கேட்ட பிறகு எழுதுங்கள்.

மங்களாம்பிகை

*

சென்னை
16 மே 1971

வணக்கம்.

ஒரு மாதத்துக்கு மேலாகிறது, பதில் இல்லை. உடம்பு சரியில்லை என்றால் ஒரு கார்டு போடுங்கள். கேட்கவில்லை என்றால் அதையும் எழுதலாம். கல்லூரி மூடிவிட்டது. பெட்டி கட்டவில்லை, கட்டாமலும் இல்லை. பரண் மேலிருந்து இறக்கி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

உங்கள் மரத்துண்டு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதன் கறை கீழே விரித்திருந்த காகிதத்தில் இறங்கி, அதற்குக் கீழே இருந்த விடைத்தாள் கட்டிலும் ஒரு வட்டமாகப் பிடித்திருக்கிறது. கடற்காற்றின் ஈரம்தான். வேறு காரணம் தேடத் தேவையில்லை. துண்டை ஒரு கண்ணாடிச் சீசாவில் போட்டு மூடிவிட்டேன்.

ம.

*

பனையாந்திடல்
2 ஜூன் 1971

அன்புள்ள மங்களம்,

கேட்டேன். கேட்பதற்கு இத்தனை நாள் ஆயிற்று என்பதற்கு என்னிடம் நல்ல காரணம் எதுவும் இல்லை.

பந்து போய் விழுகிற வீடு காளியம்மாளுடையது. இளையபெருமாளின் தாய். வாசலில் உட்கார்ந்து கூடையின் விளிம்பைக் கட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. பெரியப்பா காலத்தில் எழுந்து தெருக்கோடிக்கே போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்ததும் எனக்கே பிடிக்கவில்லை.

"களத்துல நின்ன கட்டை எதுக்கு இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியாது."

"அப்ப ஏன் அறுத்தீங்க?"

என் பதிலுக்குக் காத்திராமல், கூடையைக் கட்டிக்கொண்டே காளியம்மாள் சொன்னது. குரலை உயர்த்தவே இல்லை.

"ஒரு தை மாசம். அறுப்பு. எனக்கு வலி எடுத்திருச்சு, எங்க வீட்டுக்காரரு மருத்துவச்சியக் கூப்புடப் போனாரு. களத்துக்கு வர நேரமாயிருச்சு. ரெண்டு கையையும் மேல சேத்துக் கட்டிட்டாங்க. சவுக்கால அடிச்சாங்க, சாணியக் கரைச்சு வாயில ஊத்துனாங்க. பொழுதெறங்குனப்பறம்தான் அவுத்து விட்டாங்க. உள்ள இருக்கானே எம்மவன், அவன் அன்னிக்குப் பொறந்தவன். அதுக்கப்புறம் அவருக்குக் கை தோளுக்கு மேல ஏறலங்க. எல்லாரும் புள்ளைய மேல தூக்கிப் போட்டுப் புடிப்பாங்கல்ல, அவரு ஒரு நாளும் தூக்கிப் போட்டதில்ல."

முருகையன் என்பது அவர் பெயர். அந்தக் கட்டையில் கட்டப்பட்டவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. தெருவில் வீட்டுக்கு ஒரு பெயர் சொல்வார்கள்.

இளையபெருமாள் உள்ளேயிருந்து வந்து கதவில் சாய்ந்து நின்றான். அவன்தான் இங்கே விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்குச் செயலாளர். "சார், பெரியவரு செத்ததும் அந்தக் கட்டைய நாங்கதான் புடுங்கணும்னு பேசி வச்சிருந்தோம். யாராரு கட்டுப்பட்டாங்களோ அவங்க வீட்டு ஆளுங்க வந்து, கயிறு போட்டு, புடுங்கறதுன்னு. தேர்தல் முடியட்டும்னு இருந்தோம். அதுக்குள்ள நீங்க முந்திக்கிட்டீங்க."

"அந்தக் கட்டை போனது நல்லதுதானேப்பா?"

"உங்களுக்கு நல்லது. பாக்க வேண்டியதில்ல."

புதுக்கட்டை ஒன்று நட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன், மங்களம். வாயை விட்டு வந்த பிறகுதான் உறைத்தது. அவன் சிரித்தான். "புதுசு எதுக்கு சார்? எங்கள்ல எவனுக்கு அளவெடுக்கப் போறீங்க?"

அவர்கள் சொன்னது இதுதான். அறுத்ததைத் திருப்பிக் கொண்டுவந்து அந்த இடத்தில் சேர்க்க வேண்டும். துண்டு, தலை, தூள், எதுவும் விடக்கூடாது. வளையமும் வர வேண்டும். பிறகு மண்ணுக்குள் இருக்கிற மிச்சத்தை அவர்கள் பிடுங்குவார்கள். நான் தொடக்கூடாது, நின்று பார்க்க வேண்டும். அதுவரை குறுவைக்கு நாற்றங்காலில் யாரும் கால் வைக்க மாட்டார்கள். பக்கத்து மிராசுதார் ஆள் அனுப்பினார், வெளியூரிலிருந்து ஆளைக் கூட்டி வரலாம், போலீசும் வரும் என்று. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாற்று விடாமல் தண்ணீர் வந்துவிட்டால் இந்த வருடம் நான் இங்கே இருப்பதற்கு அர்த்தமே இல்லை. கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். நீ சொன்னது போலக் காவக்காரனாகக்கூட அல்ல.

புறப்படும்போது பந்துகளைப் பற்றிக் கேட்டேன். "ஒரு தடவ கொண்டாந்து வச்சேங்க. வாசல்ல கெடந்துச்சு, யாரு பொருளோன்னு. மத்ததெல்லாம் எனக்குத் தெரியாது" என்றது காளியம்மாள்.

அன்று சாயங்காலம் மட்டையை எடுத்தேன். அடிப்பதற்கு அல்ல, பையில் போட. என்னவோ ஒரு தடவை ஓங்கிப் பார்த்தேன். கை தோளோடு நின்றுவிட்டது. இன்று வரை அதற்கு மேல் ஏறவில்லை. சட்டையைக்கூடத் தலை வழியாகக் கழற்ற முடியவில்லை.

தியாகு

*

சென்னை
9 ஜூன் 1971

வணக்கம்.

தோள் பிடிப்பு ஐம்பதை ஒட்டிய வயதில் வருவதுதான். விடாமல் அரம் பிடித்தவருக்கு வருவதில் வியப்பில்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். மாயவரத்தில் டாக்டரைப் பாருங்கள்.

நான் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். இருபத்து மூன்று வருடம் உங்களோடு குடித்தனம் செய்திருக்கிறேன். கோணிய ஆணியைக்கூட நிமிர்த்திச் சிகரெட் டப்பாவில் போட்டு வைக்கிறவர் நீங்கள். எஸ்டேட்டிலிருந்து காலி ஜாம் பாட்டில்களைக்கூட லாரியில் ஏற்றி வந்தோம். கட்டையின் ஒரு துண்டையும் நீங்கள் வீணாக்கவில்லை. அப்படிப்பட்டவர் ஒரு கனமான, நல்ல இரும்பு வளையத்தை ஏன் வாய்க்காலில் எறிந்தீர்கள்?

இளையபெருமாள் கட்டையைப் பார்த்தான், உங்களைப் பார்த்தான் என்று எழுதினீர்கள். பார்வையில் ஒன்றுமில்லை என்றால் அதை எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள்.

உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? காளியம்மாளிடம் தெரியாது என்று சொல்லியிருக்கிறீர்கள். என்னிடம் இன்னும் சொல்லவில்லை. நிலம் இருக்கட்டும், போகட்டும். எனக்கு அதில் அக்கறை கிடையாது என்று உங்களுக்குத் தெரியும். யாரோடு இத்தனை நாள் இருந்தேன் என்பதில் எனக்கு அக்கறை உண்டு.

மங்களாம்பிகை

*

பனையாந்திடல்
19 ஜூன் 1971

அன்புள்ள மங்களம்,

மேட்டூர் திறந்துவிட்டார்கள். தண்ணீர் இங்கே கடைமடைக்கு வந்து சேர இன்னும் ஒரு வாரம் ஆகலாம் என்கிறார்கள். அதற்குள் வளையத்தைத் தேட வேண்டியிருந்தது. வாய்க்கால் காய்ந்து பாளம் பாளமாகக் கிடந்தது. மதகுக்குக் கீழே மண்வெட்டியால் கொத்தினேன். கை தோளுக்கு மேல் ஏறாமல் மண்வெட்டி பிடிப்பது எப்படி என்று கற்றுக்கொண்டேன். கரையில் ஊரே வந்து நின்றது. யாரும் இறங்கவில்லை, இறங்க வேண்டியதும் இல்லை.

"கோல்ஃபுக்குக் குழி தோண்டுறீங்களா சார்?" என்றான் இளையபெருமாள். கரை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

கிடைத்துவிட்டது. சேறு அப்பிக் காய்ந்து கிடந்தது. கழுவினேன். உள்பக்கம் இன்னும் வழவழவென்றுதான் இருக்கிறது. கயிறு தேய்த்த வழவழப்பு. ஒரு பக்கம் மட்டும் அதிகம், கீழ்ப்பக்கம். ஆள் கனம் தொங்கிய பக்கம்.

மட்டைகளைப் பிரித்துவிட்டேன். நூலை அவிழ்த்தேன், வச்சிரத்தை வெந்நீரில் இளக்கித் தண்டைக் கழற்றினேன், ஈயத்தைத் தோண்டினேன். கையேட்டில் இருக்கிற வரிசையிலேயே, கடைசியிலிருந்து முதலுக்கு. மரத்தூளை வாழை அடியில் கொட்டியிருந்தேன். மண்ணோடு வாரிச் சாக்கில் கட்டியிருக்கிறேன். தலைகள், வெட்டிப் போட்ட துண்டுகள், சாக்கு, வளையம், எல்லாவற்றையும் களத்தில் அந்த வட்டத்தைச் சுற்றி வைத்தேன்.

காளியம்மாள் வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தது. ஒரு தலையைக் கையில் எடுத்து, பாலிஷைத் தடவி, "நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க" என்றது. பிறகு, "எல்லாம் வந்தாச்சுங்களா?" என்றது.

இல்லை என்றேன். ஒரு துண்டு மெட்ராசில் என் வீட்டுக்காரியிடம் இருக்கிறது என்று சொன்னேன்.

"அவங்களுக்கு எதுக்குங்க?"

"என்ன மரம்னு பாத்துச் சொல்ல."

"சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"அப்ப அதுவும் வரட்டும்" என்றது. அந்தத் துண்டு வரும்வரை யாரும் கயிறு போட மாட்டார்கள். ஆகவே துண்டை உடனே பதிவுத் தபாலில் அனுப்பிவிடு. நாற்று விடுவதற்கு இன்னும் சில நாள்தான் இருக்கிறது.

நீ கேட்டதற்கு எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். ஒன்று மட்டும் எழுத முடிகிறது. சின்ன வயதில் ஒரு லீவுக்கு இங்கே வந்திருந்தபோது, உரலை உருட்டி வந்து அதன் மேல் ஏறி, அந்த வளையத்தைப் பிடித்துத் தொங்கி ஆடியிருக்கிறேன். பெரியப்பா ஓடி வந்து இறக்கிவிட்டார். "அது வெளையாடுற எடமில்லடா" என்றார். வேறு எதற்கான இடம் என்று நான் கேட்கவில்லை. அப்போது மட்டுமல்ல, பிறகு எத்தனையோ தடவை வந்து போயிருக்கிறேன். கேட்கவில்லை.

இன்று காலை களத்துக்குப் போனேன். பந்துகளை எல்லாம் பையில் போட்டுப் பெட்டியில் பூட்டிவிட்டேன் என்று நினைத்திருந்தேன். வட்டத்தின் மேல் ஒன்று இருந்தது.

தியாகு

*

சென்னை
23 ஜூன் 1971

அன்புள்ள உங்களுக்கு,

பந்தை எண்ணிப் பூட்டியிருக்க மாட்டீர்கள். அவ்வளவுதான் இருக்கும். அப்படித்தான் நான் நினைக்கிறேன்.

துண்டு சீசாவில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அது முழுவதும் அல்ல. நான் சீவியதில் நாலைந்து சீவல் கண்ணாடித் தகட்டில் ஏறி, கல்லூரி ஆய்வுக்கூடத்தில், இரும்புக் கறை படிந்த கருவேலம் என்று பெயர் ஒட்டி, மாதிரிகளோடு மாதிரியாகப் பெட்டிக்குள் போய்விட்டது. நேற்று போய் அதை எடுத்தேன். எடுப்பதற்கு முன் மறுபடி ஒரு முறை வைத்துப் பார்த்தேன். மரத்தின் குழாய்கள், அவற்றுக்குள் கறுப்பு. மார்ச் மாதத்தில் பார்த்தபோது இருந்ததற்கு மேல் புதிதாக எதுவும் அதில் இல்லை. அன்று அதைப் பார்த்து "நல்ல மாதிரி" என்று உங்களுக்கு எழுதினேன். பெயர்ச்சீட்டைக் கிழித்துவிட்டேன். ஆய்வுக்கூட உதவியாளர், "உடைஞ்சிருச்சாம்மா?" என்றார். "இல்ல, திருப்பிக் குடுக்கணும்" என்றேன்.

பதிவுத் தபாலில் அனுப்ப மாட்டேன். நானே கொண்டு வருகிறேன். வெள்ளி இரவு ரயில், சனிக்கிழமை காலை மாயவரம். கல்லூரிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். காரணம் என்ற இடத்தில் குடும்ப வேலை என்று போட்டேன். நமக்குக் கல்யாணமான இருபத்து மூன்று வருடத்தில் நான் அப்படிப் போட்டது இதுவே முதல் தடவை. இதை வேறு விதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் அங்கே தங்க வருவதாகச் சொல்லவில்லை. தங்க மாட்டேன் என்றும் இப்போது சொல்லவில்லை.

உரலைப் பற்றி எழுதியதைப் படித்தேன். எனக்கு எழுதியது போதும், மேற்கொண்டு எனக்கு எழுதிக் கிழிக்க வேண்டாம். காளியம்மாள் உங்களிடம் "அப்ப ஏன் அறுத்தீங்க?" என்று கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. அதை அவரிடம்தான் சொல்ல வேண்டும். கயிறு போடுவதற்கு முன்பு, எல்லோரும் நிற்கும்போது. அதைக் கேட்ட பிறகும் அவர்கள் நாற்றங்காலில் இறங்க மறுத்தால், அது அவர்கள் முடிவு. கதவைப் பூட்டுவதற்கு நான் கூட இருக்கிறேன். கை தோளுக்கு மேல் ஏறாவிட்டால் பரவாயில்லை, சொல்வதற்குக் கை தேவையில்லை. நான் பக்கத்தில் நிற்கிறேன், பேச மாட்டேன்.

ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். களத்திலேயே இருங்கள். பஸ்ஸை விட்டு இறங்கி, களத்துக் கட்டை எங்கே நின்றது என்று கேட்டுக்கொண்டு வந்துவிடுகிறேன். தெரியாது என்று சொல்லக்கூடியவர் அந்த ஊரில் ஒருவர்தான் இருந்தார்.

மங்களம்